குருவிக்கு ஒரு வரிசை, பூக்கடைக்கு ஒரு வரிசை

மணலி புதுநகரை ஒட்டிப் பத்து சென்ட் மனை வாங்கியிருக்கிறீர்கள். அதன் மேற்கு எல்லை 110 அடி நீளம். அங்கே மதில் எழுப்பாமல் பலவகைச் செடிகள் கலந்த உயிர்வேலி வைக்க விரும்புகிறீர்கள். அதில் குருவிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் தங்க வேண்டும், அதே வேலியிலிருந்து தழை வெட்டித் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பூக்கடைகளுக்குக் கொடுக்கவும் முடிய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் ஒரே வரிசையில் முடியாது. மாதவரத்துக்கு அருகே பல ஆண்டுகளாக இப்படியொரு வேலியை வளர்த்து, அதில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து பார்த்தவன் என்ற முறையில், அந்த ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

நீங்கள் கேட்கும் இரண்டு பயன்களும் ஒன்றுக்கொன்று பகை. கூடு கட்டும் குருவிக்குக் கத்தி படாத, உள்ளே கை நுழையாத, முள்ளும் சுள்ளியும் பின்னிய புதர் வேண்டும். தழைக்கோ அடிக்கடி வெட்டுப்பட்டு, நேராகவும் நீளமாகவும் புதுக் கொம்பு விடும் செடி வேண்டும். புழு தின்றால்தான் வண்ணத்துப்பூச்சி வரும். புழு தின்ற இலையைப் பூக்கடைக்காரர் தொடமாட்டார். ஒவ்வொரு செடியும் இரண்டு வேலையையும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், மூன்றாம் ஆண்டில் பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அத்தோடு வேலியின் முதல் நோக்கம் முடிந்துபோகிறது. ஆகவே வெளிப்புறத்தில் வெட்டவே வெட்டாத ஒரு முள் வரிசை, உட்புறத்தில் முறை வைத்து வெட்டும் ஒரு தழை வரிசை, இரண்டுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி கிளைகளால் மூடிக்கொள்ளும். ஆனால் வேர்ப்பகுதியில் நீங்கள் குனிந்து நடந்து பார்க்க இடம் இருக்கும்.

செடிகளின் பெயர்களுக்குப் போகும் முன் மண்ணையும் நீரையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் வடசென்னையில் இரண்டு கிலோமீட்டருக்குள் மண் மாறிவிடுகிறது. எண்ணூர், திருவொற்றியூர்க் கரையோரம் கடல் மணல். மணலியிலிருந்து மேற்கே செல்லச் செல்லக் களி. உங்கள் பகுதியில் பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து உபரி நீர் திறக்கும் ஆண்டுகளில் கொசஸ்தலையாறு தெருவுக்குள் வந்துவிடுவதை அக்கம்பக்கத்தார் சொல்லியிருப்பார்கள். கார்த்திகையில் பத்து நாள் முழங்கால் நீர் நிற்கும் களிமண்ணில், பங்குனியில் வாய் பிளக்கும் அதே களிமண்ணில், இரண்டையும் தாங்கும் செடிதான் நிலைக்கும். நிலத்தடி நீரும் ஒரு சிக்கல். மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி; அந்த உவர்ப்பு எல்லா ஆழ்துளைக் கிணற்றிலும் ஒரே அளவில் இராது. நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும், குடிநீர் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் கொண்டு உங்கள் நீரைப் பாருங்கள். 2,000ஐத் தாண்டினால் மென்மையான செடிகளை மறந்துவிடுங்கள். ஆயிரத்துக்குள் இருந்தால் நான் கீழே சொல்லும் எல்லாமே வரும். இன்னொரு சோதனை: இரண்டடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் வற்றாமல் நின்றால், தரைமட்டத்தில் நடாமல் ஓரடி உயரத்துக்குக் கரை போட்டு அதன்மேல்தான் நட வேண்டும்.

வெளி வரிசைக்கு இரண்டரை அடிக்கு ஒன்றாக 44 செடிகள் பிடிக்கும். இதில் சோழமண்டலக் கரையின் இயற்கையான புதர்க்காட்டுச் செடிகளையே நான் பரிந்துரைப்பேன். பழவேற்காட்டுக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலும், நகருக்குள் கிண்டியிலும் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காட்டின் கீழ்த்தட்டு இவைதாம். உப்புக்காற்றும் ஆறு மாத வறட்சியும் இவற்றுக்குப் புதிதல்ல. முதலிடம் களாச்செடிக்கு. சிறுகளா, பெருங்களா இரண்டும் வரும். முள் நன்றாகக் கவட்டையிட்டு நிற்கும், வெண்ணிறப் பூவில் மணம் உண்டு, கோடையில் பழுக்கும் கருநீலப் பழத்தைக் கொண்டைக்குருவிகள் விடமாட்டா. பெருங்களாக் காய் ஊறுகாய்க்கும் ஆகும். அடுத்து வெள்ளைப்பூலா, அதன் சிறு வெண்பழங்கள் பழுத்த வாரத்தில் அந்தப் புதர் முழுவதும் சிறகடிக்கும். மூன்றாவதாக இசங்கு, அதாவது சங்கஞ்செடி; உவர்நிலத்தில் இதைப்போல் நிலைத்து நிற்கும் முட்புதர் குறைவு, ஒரு கணுவுக்கு நான்கு முள்ளை நீட்டிக்கொண்டு நிற்கும். காரைச்செடி சிலவும், கிளுவைப் போத்து சிலவும் இடையே வரலாம். கிளுவையை வாங்க வேண்டியதில்லை. பழைய வேலி உள்ள எவரிடமாவது கைப்பருமன் போத்துகளைக் கேட்டு வாங்கி ஓரடி ஆழம் ஊன்றினால் போதும், நீர் தேங்காத இடமாக மட்டும் இருக்க வேண்டும்.

இங்கே ஆடுமாடுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மணலிச் சாலைகளில் திரியும் மாடுகளும், எல்லாத் தெருவிலும் உள்ள ஆடுகளும் இளங்கன்றை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். தமிழில் இரண்டு செடிகளுக்குப் பெயரிலேயே விடை இருக்கிறது: ஆடாதோடையை ஆடு தொடாது, ஆடுதீண்டாப்பாளையை ஆடு தீண்டாது. தெருவைத் தொடும் முனைகளில் ஆடாதோடையையும் சங்கங்குப்பியையும் நட்டு, நடுப்பகுதியில் களாவை வையுங்கள். ஆடுதீண்டாப்பாளை கொடி; அதை வெளி வரிசையின் மேல் ஏற்றிவிட்டால், சிவப்புடல் அழகி, ரோஜா அழகி ஆகிய வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிட அதைத்தான் தேடி வரும். அந்தக் கொடி இல்லாத தோட்டத்தில் அவை பூவில் தேன் குடித்துவிட்டுப் போகுமே தவிரத் தலைமுறையாகத் தங்கா. கொடிகளில் கோவையும் முடக்கத்தானும் தாமாகவே குருவி எச்சத்திலோ காற்றிலோ வந்து சேரும், வரட்டும். ஆனால் எண்ணிக்கை மிஞ்சினால் இளம் களாவை அமுக்கிவிடும், ஆண்டுக்கு ஒருமுறை கையால் இழுத்துக் குறைக்க வேண்டும்.

உள் வரிசைக்கு வருகிறேன். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனெனில் படங்களில் பார்த்த வெளிநாட்டுத் தழைகளை மனத்தில் வைத்துக்கொண்டு நர்சரிக்குப் போகிறார்கள். வடசென்னைப் பூக்கடை என்ன தழை வாங்குகிறது என்று ஒரு வாரம் நின்று பாருங்கள். திருவொற்றியூர்த் தேரடியைச் சுற்றியுள்ள கடைகளில் வில்வமும் துளசியும் ஆண்டு முழுவதும் போகும். ஆடி மாதம் பிறந்தால் காசிமேடு, தண்டையார்பேட்டை, இராயபுரம் என்று எந்த அம்மன் கோயிலுக்குப் போனாலும் வேப்பிலைதான். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையும், 21 வகை இலைகளால் செய்யும் பத்திர பூசைக்கான இலைகளும் தேவைப்படுகின்றன. அந்த இருபத்தொன்றில் நொச்சி, வில்வம், வன்னி, இலந்தை, மாதுளை, எருக்கு, அரளி ஆகிய ஏழையும் ஒரு கலப்பு வேலியிலேயே வளர்த்துவிடலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. முகூர்த்த நாள்களில் மேடை அலங்காரத்துக்கு மாவிலைத் தோரணமும், அசோகா என்று நாம் தவறாக அழைக்கும் நெட்டிலிங்க இலையும் கட்டுக்கட்டாகப் போகின்றன. பூங்கொத்துக் கட்டுபவர்கள் காமினித் தழையைக் கேட்பார்கள். அது கறிவேப்பிலையின் பங்காளி, கரும்பச்சை இலை, வெட்டிய பின்னும் நாள்கள் தாங்கும்.

இந்தப் பட்டியலிலிருந்து மூன்றடிக்கு ஒன்றாக 36 செடிகளை நான் இப்படிப் பிரிப்பேன். நொச்சி எட்டு, ஏனெனில் அது களியையும் தேங்கும் நீரையும் ஓரளவு உவர்ப்பையும் பொறுத்துக்கொண்டு, எத்தனை முறை வெட்டினாலும் மறு கொம்பு விடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் மாநகராட்சி கொசுவுக்காக வீடுகளுக்கு நொச்சிக் கன்று வழங்கியது நினைவிருக்கலாம். கொசு குறைந்ததோ இல்லையோ, அந்தக் கன்றுகளின் வழிவந்த போத்துகள் இன்றும் பல வீடுகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோட்டை மதிலைக் காத்து நின்ற வீரர்கள் நொச்சிப் பூச்சூடியதால் அந்தப் போர் ஒழுக்கத்துக்கே நொச்சி என்று பெயரிட்ட மரபு நம்முடையது. மதிலுக்குப் பதிலாக நிற்க அதைவிடப் பொருத்தமான செடியை நான் அறியேன். விராலியில் ஆறு செடிகள், நீங்கள் போட்ட கரையின் மேட்டுப் பகுதியில் மட்டும். அதற்கு ஈரக்கால் ஆகாது, ஆனால் பளபளக்கும் இலையும் சிறகு வைத்த காய்க்கொத்தும் பூங்கொத்துக்கு மிக அழகு. காமினி ஆறு, மருதாணி நான்கு, வில்வம் மூன்று, கறிவேப்பிலை மூன்று, மாதுளை இரண்டு, வன்னி ஒன்று, ஆவாரம் மூன்று. நெட்டிலிங்கத்தையும் வேம்பையும் வரிசைக்குள் வைக்காதீர்கள்; அவை மரங்கள், நிழலால் மற்றவற்றைக் கொன்றுவிடும். மனையின் வடமூலையில் ஒரு வேம்பும், வீட்டுப் பக்கம் இரண்டு நெட்டிலிங்கமும் தனியாக நிற்கட்டும்.

இவற்றில் வில்வம், கறிவேப்பிலை ஆகிய இரண்டும் எலுமிச்சை அழகிக்கும் கறிவேப்பிலை அழகிக்கும் புழுத்தீனி. நெட்டிலிங்கத் தளிரிலும் ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழு உண்டு. ஆவாரத்தை மஞ்சள் கலந்த வெண்ணிறப் பூச்சிகள் முட்டையிட்டு இலையின்றி ஆக்கிவிடும். மழை பெய்தால் மறுபடி தளிர்க்கும், கவலைப்பட வேண்டாம். எனவே ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியைப் புழுவுக்கென்று எழுதிவைத்துவிடுங்கள். மற்றச் செடிகளில் காணும் புழுவை இலையோடு கிள்ளி அந்தச் செடிக்கு மாற்றிவிடலாம். வேலையில்லாதவன் வேலை என்று என் வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் காலையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை, மருந்துச் செலவும் இல்லை. அரளியையும் எருக்கையும் நடுவதானால் தெருப்பக்கம் வேண்டாம், அவற்றின் பால் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீடென்றால் அரளியைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

நடக்கூடாதவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, சவுண்டல் ஆகிய மூன்றும் வேண்டாம். வேலியாக நில்லாமல் ஊரையே பிடித்துக்கொள்ளும். வேகமாக வளரும் பச்சை மதில் என்று நர்சரிகளில் விற்கப்பட்ட கோனோகார்பஸ் செடிக்குத் தமிழ்நாடு அரசு 2025இல் தடை விதித்துவிட்டது; எவராவது வேறு பெயரில் கொடுத்தால் வாங்காதீர்கள். நானும் தொடக்கத்தில் ஒரு விற்பனையாளர் சொல்லை நம்பி அதில் இருபது கன்றுகளை நட்டு, நான்கு ஆண்டுகளில் பன்னிரண்டடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் எழுப்பினேன். அதில் ஒரு கூடுகூடக் கட்டப்படவில்லை. வேரோடு பெயர்த்தெடுக்கக் கொடுத்த கூலி, கன்றின் விலையைப்போல் பல மடங்கு.

நடும் பருவம் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுவரை. ஐப்பசி மழையில் நட்டால் போதாதா என்று கேட்பார்கள். மணல் பூமிக்குப் போதும், உங்கள் களிக்குப் போதாது. சென்னையில் ஆண்டு மழையான சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அதற்குள் வேர் பிடிக்காத கன்று நீரில் நின்று அழுகும். ஆவணி மாலைகளில் இடியோடு பெய்யும் மழையில் நட்டுவிட்டால் ஆறு வாரம் வேரோட நேரம் கிடைக்கும். முன்னதாகவே நான்கடி அகலத்துக்குக் கொத்தி, மக்கிய தொழுவுரம், சருகு, கிடைத்தால் கொஞ்சம் செம்மண் சேர்த்துக் கரையை எழுப்பி வைத்துவிட வேண்டும். கன்று பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஒன்றரை அடிக் கன்று நான்கடிக் கன்றை இரண்டாம் ஆண்டில் முந்திவிடும். நட்டவுடன் நுனியில் மூன்றிலொரு பங்கைக் கிள்ளிவிடுங்கள். அடியிலிருந்து கிளைக்காத வேலி பின்னால் எவ்வளவு வெட்டினாலும் கீழே ஓட்டையாகத்தான் நிற்கும்.

கலந்து நடுவது என்பதை ஒன்றுவிட்டு ஒன்று என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி நட்டால் நொச்சி இரண்டே ஆண்டில் பக்கத்து விராலியையும் காமினியையும் விழுங்கிவிடும். ஒரே வகையில் மூன்று நான்கைச் சேர்த்துக் குழுவாக நடுங்கள். குழுவின் ஓரத்தில் உள்ள செடி மட்டும்தான் போட்டியிட வேண்டியிருக்கும். வெட்டும்போதும் ஒரே இடத்தில் ஒரே தழை கிடைக்கும். முதல் இரண்டு கோடைகளில் வாரத்துக்கு இரண்டு முறை ஆழமாக நீர் விட்டு, அடியில் அரையடி கனத்துக்குச் சருகு மூடாக்குப் போட்டுவிட்டால், மூன்றாம் ஆண்டு அக்கினி நட்சத்திரத்தை வேலி தானே தாண்டிவிடும்.

வெட்டும் நாள்களை நான் ஒரு தவற்றிலிருந்து கற்றுக்கொண்டேன். ஒரு பங்குனியில், பெரிய திருமணம் ஒன்றுக்குத் தழை வேண்டும் என்று கேட்டார்கள் என்பதற்காக உள் வரிசை முழுவதையும் ஒரே நாளில் இடுப்பளவுக்கு இறக்கினேன். அன்று மாலை கொண்டைக்குருவி இரண்டு வெட்டிய இடத்தையே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. மறுநாள் தழைக்கட்டின் அடியில் கூடு கிடைத்தது. மாசியிலிருந்து ஆனிவரை இங்கே பெரும்பாலான புதர்க்குருவிகளின் கூடு கட்டும் காலம். தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் அதற்குப் பின்னும் கட்டும். அந்த மாதங்களில் வெளி வரிசையைத் தொடவே கூடாது. உள் வரிசையிலும் 110 அடியை மூன்று பங்காக்கி, ஒரு முறை ஒரு பங்கில் மட்டும், அதிலும் ஒரு செடியின் தழையில் மூன்றிலொன்றுக்கு மிகாமல், உள்ளே விலக்கிப் பார்த்துவிட்டு எடுங்கள். வைகாசி முகூர்த்தங்களுக்குத் தனியாக நிற்கும் நெட்டிலிங்கம் கைகொடுக்கும். ஆடி வேப்பிலைக்கு மூலை வேம்பு. பெரிய வெட்டு பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி வரட்டும். நொச்சியை முழங்கால் அளவுக்கு இறக்கினாலும் மழைக்காலத்தில் ஐந்தடி எழும்பித் தை முகூர்த்தத்துக்குத் தயாராகிவிடும். மார்கழியில் திருமணம் இல்லை, கத்திக்கும் ஓய்வு. அந்த மாதத்தில் வடக்கேயிருந்து வந்த பழுப்புக் கீச்சான் களாவின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு உங்களைத் திட்டுவதைக் கேட்கலாம்.

வெட்டுமுறையில் இரண்டு குறிப்புகள் போதும். வேலியின் அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்க வேண்டும், இல்லையேல் அடியிலை வெயில் காணாமல் உதிரும். தளிர்க் கொம்பு வாடிவிடும், முற்றிய இலையுள்ள கொம்பைத்தான் வெட்ட வேண்டும். அதிகாலையில் வெட்டி உடனே வாளி நீரில் அடித்தண்டை அமிழ்த்துங்கள். இதோடு வடசென்னைக்கென்று ஒரு வேலை கூடுதலாக உண்டு. கண்டெய்னர் லாரிப் புழுதியும், காற்று திரும்பினால் அனல்மின் நிலையச் சாம்பலும் இலைமேல் படியும். மழைக்கு மறுநாள் வெட்டினால் நல்லது. கோடையென்றால் முதல் நாள் மாலையே குழாய் நீரை மேலிருந்து பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். உவர்நீரால் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு நிற்கும், அதற்கு மட்டும் நல்ல நீர் வேண்டும்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 110 அடி வேலியை நம்பிக் கோயம்பேட்டுக்குப் போகாதீர்கள். அங்கே தழை வண்டிக்கணக்கில் வருகிறது, உங்கள் இரண்டு கட்டுக்கு ஆட்டோக் கூலியும் கிடைக்காது. நடந்து போகும் தூரத்தில் கோயில் வாசலில் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் பேசி, வாரத்தில் இன்ன நாள் இன்ன தழை என்று முடிவு செய்துகொண்டால் வேலிக்கான உரமும் நீரும் கூலியும் அதிலேயே கழியும். அதற்குமேல் கிடைப்பது பண்டிகை வாரங்களில் மட்டும்.

பக்கத்து மனைக்காரர் பாம்பு வரும் என்று சொல்வார். வரலாம்; எலி இருந்தால் சாரை வரும், புதர் இருந்தால் கீரியும் வரும். வேலியின் உட்புறம் நான்கடி அகலத்துக்குப் புல்லில்லாத நடைபாதை விட்டு, குப்பையும் செங்கல் குவியலும் சேராமல் பார்த்துக்கொண்டால் வீட்டுக்குள் வரும் காரணம் பெரும்பாலும் நீங்கிவிடும். எல்லைக்கல்லிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளியே வெளி வரிசையை நடுங்கள். களாவின் முள் பக்கத்து மனைக்குள் நீண்டால் அங்கிருந்து வெட்டுபவர் உங்கள் கூட்டைப் பார்த்து வெட்டமாட்டார். மூன்றாம் ஆண்டு முடியும்வரை வெளியே கம்பிவேலியோ, கிடைத்தால் பனைமட்டையோ கட்டியிருங்கள். களாவின் அடிக்கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கையை நுழைத்தால் இரத்தம் வரும் நிலை வந்த பிறகு அதை அவிழ்க்கலாம்.